இதழியற் கல்வியும் தமிழர் கடமையும்

(நெய்வேலியில் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

நெய்வேலியின் வரலாற்றை நெய்வேலியார்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 1930-களில் சம்புலிங்கனாரின் நிலத்தில் ஊற்றுக் கிணறு தோண்டியபொழுது நீரோடு பழுப்பு நிறத்தில் ஒரு பொருள் வெளிப்பட்டதும், 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்ததும், 1957-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும், 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்ததும், மறு ஆண்டே மின்னாற்றல் பிறந்ததும் இங்குள்ள சிறுவரும் அறிந்த செய்திகளே. ஆனால், இந்த மண்ணில் நடப்பவற்றை வெளியூர்த் தமிழன் எவ்வாறு அறிகிறான்? செய்தித்தாள் வழியாகவும் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் அறிகிறான். இன்றோ கைப்பேசி வழியாகவும் அறிகிறான். அச்செய்தியை எழுதுகின்றவன் எங்கே கற்றான், எம்மொழியில் கற்றான், அவனுக்குக் கற்பித்தவர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாளும், அதே ஆண்டு சூலை 1-ஆம் நாளும் இங்கே இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. தொழிலாளர் பலர் உயிர் துறந்தனர். அந்நாள்களில் இங்கு வந்து நின்ற செய்தியாளன் ஒருவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் முன்னே அழுது நிற்கும் குடும்பம் தமிழில் பேசும். அலுவலகத்திலிருந்து வரும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கொதிகலன் எவ்வாறு இயங்குகிறது, அதனை ஆய்ந்து ஒப்புதல் தருபவர் யார், நிலையான தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சட்டத்தில் என்ன வேறுபாடு, இறந்தவன் வீட்டார் எந்த முறைமன்றத்தை நாடலாம் என்பனவற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதுக்குள் அவன் அறிந்து, தெளிந்த தமிழில் எழுதியாக வேண்டும். எழுதத் தவறினால் மறுநாள் வெளிவருவது இறந்தோர் எண்ணிக்கையும் அமைச்சர் இரங்கலும் மட்டுமே. ஏன் நேர்ந்தது என்னும் வினாவை எவரும் எழுப்பியிரார்.

2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் ஊடே பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டப்பட்டபொழுதும் இதே நிலைதான். படத்தைப் பார்த்து நாடே பதறியது. ஆனால் அந்நிலம் எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டது, 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் உழவனுக்கு எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை என்று பிரித்துச் சொல்லும் எழுத்தே அவ்வுழவனுக்கும் தேவை, ஆட்சியாளனுக்கும் தேவை. அவ்வாறு எழுதுவது பிறவியிலேயே வரும் திறன் அன்று. அது கல்வியால் வருவது. கல்விக்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியர்க்கு நூல் வேண்டும். நூலுக்கும் ஆசிரியர்க்கும் பின்னே நின்று தாங்குவதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

பெருமக்களே! இதழியல் கற்பிக்கத்தக்க ஒரு கல்வியே என்பதை உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க நாட்டில் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் 1908-இல் வால்ட்டர் வில்லியம்சு என்பார் இதழியற் பள்ளியைத் தொடங்கினார். அவர் கல்லூரி வாயிலை மிதியாதவர்; அச்சுக்கூடத்திலும் இதழகத்திலும் தொழில் கற்றவர். தாம் பட்டறிந்து கற்றதைப் பின்வருவோர் முறையாகக் கற்க வேண்டும் என்று அவரே விரும்பினார். இதழ்த்தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய புலிட்சர் விட்டுச் சென்ற கொடையால் 1912-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மற்றொரு பள்ளி எழுந்தது. அதே 1912-இல் மூன்றாவதாக ஒன்று நிகழ்ந்தது. அந்நாட்டு இதழியல் ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு கழகம் கண்டனர். பள்ளிகள் தனித்தனித் தீவுகளாகக் கிடந்திருந்தால், ஒவ்வோர் ஆசிரியரும் தாம் அறிந்ததை மட்டும் ஓதிவிட்டுப் போயிருப்பார். பாடத்திட்டம், பாடநூல், ஆய்விதழ், ஆண்டுக் கூட்டம், ஆசிரியர் பயிற்சி ஆகிய ஐந்தும் கழகத்தால் வந்தன. இதழியல் ஒரு துறையாக நிமிர்ந்து நின்றதில் அக்கழகத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

அடிமை நீங்கிய நாடுகள் தம் இதழாளர்க்குக் கல்வி தர முற்பட்டபொழுது ஓர் இடர் எதிர்ப்பட்டது. நூல்கள் எல்லாம் அமெரிக்க நூல்களாகவும் ஆங்கில நூல்களாகவும் இருந்தன. எது செய்தி என்பதற்கு அந்நூல்கள் காட்டிய எடுத்துக்காட்டுகள் நியூயார்க்கு நகராட்சியிலும் இலண்டன் மாமன்றத்திலும் நடந்தவை. மழை பொய்த்த சிற்றூரில் செய்தி எங்கே கிடக்கிறது என்று அந்நூல்களில் தேடினால் கிடைக்காது. பத்து மொழிகள் வழங்கும் நாட்டில் ஒரு மொழியாளனிடம் கேட்டதை மற்றொரு மொழியாளனுக்கு எவ்வாறு சொல்வது என்பதும் அவற்றில் இல்லை.

இவ்விடரைக் களைய ஆசியாவில் எழுந்த அமைப்பே 1971-இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற ஆசிய மக்கள்தொடர்பு ஆய்வு, தகவல் நடுவம். சிங்கப்பூர் அரசும் செருமானிய நாட்டின் பிரீடரிக்கு ஏபர்ட்டு அறக்கட்டளையும் அதற்குத் தோள் கொடுத்தன. பின்னர் அது ஆசிய ஊடகத் தகவல் தொடர்பு நடுவம் எனப் பெயர் மாறியது. ஆசிய நாடுகளின் இதழியல், தொடர்பியல் ஆசிரியர்களை அது ஓரிடத்தில் கூட்டியது. ஆய்வுகளைத் திரட்டி ஆவணப்படுத்தியது. பயிற்சி வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தியது. 1974-இல் ‘மீடியா ஏசியா’ என்னும் இதழைத் தொடங்கிற்று. 1990-இல் ஆசியத் தொடர்பியலுக்கென ஓர் ஆய்விதழையும் கண்டது. நெடுங்காலம் சிங்கப்பூரில் இயங்கிய பின்னர், அண்மைக் காலத்தில் பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகருக்கு இடம் பெயர்ந்து இயங்கி வருகிறது.

ஆசியாவைப் போன்றே பிற நிலங்களும் விழித்தன. 1976-இல் ஆப்பிரிக்க ஆசிரியர்கள் தமக்கெனத் தொடர்பியற் கல்விக் கழகம் ஒன்றை அமைத்து நைரோபியிலிருந்து நடத்தினர். 1981-இல் இலத்தீன் அமெரிக்கத் தொடர்பியற் புலங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1980-இல்தான், செய்தி ஒரு பக்கத்திலிருந்தே பாய்ந்து வருகிறது, ஏழை நாடுகள் தம் கதையைத் தாமே சொல்ல இயலாமல் இருக்கின்றன என்று மெக்பிரைடு குழுவின் அறிக்கை யுனெசுகோ அவையில் ஓங்கி உரைத்தது.

இம்முயற்சிகள் போற்றத்தக்கவை. ஆனால் தமிழ் நெஞ்சம் இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். இலத்தீன் அமெரிக்கக் கூட்டமைப்பு தன் மக்கள் பேசும் இசுப்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் ஆய்ந்தது, எழுதியது, கற்பித்தது. ஆசிய நடுவமோ ஆங்கிலத்திலேயே பணி செய்தது. அதனைக் குறை கூறுவது முறையன்று. மொழிகள் பலவாகிய ஆசியாவில் அனைவரையும் கூட்டும் ஒரு மேடைக்கு ஓர் இணைப்பு மொழி தேவைப்பட்டது. ஆனால் மேடையில் ஆங்கிலத்தில் பேசியதைத் தத்தம் வீட்டில் தத்தம் மொழியில் விதைப்பது யார் பொறுப்பு? அது அந்தந்த மொழியாரின் பொறுப்பு. அந்நடுவம் பல்லாண்டு நிலைகொண்டிருந்த சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கே 1935-இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ நாளிதழ் இன்றும் வெளிவருகிறது. கோ. சாரங்கபாணியார் கட்டி வளர்த்த இதழ் அது. ஆசிய இதழியற் கல்வியின் நடுவமும் தமிழ் நாளிதழும் ஒரே ஊரில் இருந்தன. அந்நடுவத்தின் ஆய்வுச் செல்வம் தமிழில் பெயர்ந்து தமிழ் மாணவன் கைக்கு வந்து சேர்ந்ததா? வந்து சேரவில்லையெனில் குற்றம் நடுவத்தினுடையது அன்று. கேட்டு வாங்காத தமிழரினது.

இனித் தமிழ்நாட்டைக் காண்போர் வியப்படைவர். இதழியற் கல்வி இம்மண்ணுக்குப் புதியதன்று. 1920-இலேயே அடையாற்றில் அன்னி பெசண்டு அம்மையார் அதற்கு வித்திட்டார். 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டயப் படிப்பு தொடங்கிற்று. பெங்களூரில் தோன்றிய ஆசிய இதழியற் கல்லூரி 2000-இல் சென்னைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் தொடர்பியல் துறைகள் பெருகியுள்ளன. ஆயினும் இக்கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்தின் தோளிலேயே ஏறி வந்தது. படித்து முடித்தவன் தமிழ் இதழகத்திற்குள் நுழையும்பொழுது, கற்றதை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே எழுத வேண்டியவனாகிறான்.

மறுபுறம் தமிழ்த்துறைகளிலும் இதழியல் ஒரு தாளாகக் கற்பிக்கப்படுகிறது. மா.பா. குருசாமியாரின் ‘இதழியல் கலை’ போன்ற நூல்கள் அதற்குத் துணை நின்றன. அ.மா. சாமியார் தமிழ் இதழ்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் திரட்டித் தந்தார். இவை அரும்பணிகள். எனினும் தமிழ்த்துறை மாணவன் இதழ்களின் வரலாற்றை அறிகிறானே அன்றி, முறைமன்றத் தீர்ப்பைப் படித்துச் செய்தி எழுதவோ, அரசின் வரவு செலவுத் திட்டத்தைக் கூறுபோட்டுக் காட்டவோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுதவோ பயிற்றப்படுவது அரிது. தொடர்பியல் துறை மாணவன் இவற்றுள் சிலவற்றை அறிகிறான். ஆனால் அவற்றைச் சொல்லத் தமிழ் அவன் கைவயப்படவில்லை. ஒருவனிடம் மொழி இருக்கிறது, தொழில் இல்லை. மற்றொருவனிடம் தொழில் இருக்கிறது, மொழி இல்லை. பல கல்லூரிகளில் இவ்விரு துறைகளும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்தும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

அவ்வாறாயின் தமிழ் இதழாளர் இதுவரை எங்குக் கற்றனர்? இதழகங்களிலேயே கற்றனர். 1831-இல் வெளிவந்த முதல் தமிழ்த் திங்களிதழின் பெயரே ‘தமிழ் மேகசின்’. இதழைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல்லும் இல்லையென எண்ணிய காலம் அது. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் தம் ‘ஞானசாகரம்’ இதழை ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். பெரியார் 1935-இல் தம் இதழில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. 1942-இல் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், தம் செய்தியாளர்க்கு ‘இதழாளர் கையேடு’ என்னும் நூலையே எழுதிக் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்குமாறு செய்தி எழுதும் முறையை அவர் தம் இதழகத்தில் பள்ளி நடத்துவதுபோல் பயிற்றினார்.

அவ்விதழகங்களின் உழைப்பால் விளைந்ததைக் காணுங்கள். அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார். அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். காரியதரிசி செயலாளரானார், மந்திரி அமைச்சரானார், சர்வகலாசாலை பல்கலைக்கழகமாயிற்று, உபந்நியாசம் சொற்பொழிவாயிற்று. இச்சொற்கள் புதியனவாக வந்தபொழுது மக்களுக்கு விளங்கா என்று எள்ளினோர் இருந்தனர். இன்று வேட்பாளர் என்றால் விளங்காத தமிழன் உண்டா? அபேட்சகர் என்றால் விளங்கும் இளைஞனைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நாள்தோறும் அச்சேறும் சொல்லே நாட்டில் வாழும் சொல். இதழாளன் கை எச்சொல்லை எழுதுகிறதோ அச்சொல் பிழைக்கிறது.

ஆனால் தனித்தமிழ் அன்பர்களே, இங்கே ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டியுள்ளது. பாய்லர் என்று எழுதியிருந்ததைக் கொதிகலன் என்று திருத்திவிட்டால் பணி முடிந்துவிட்டது என்று மனநிறைவு கொள்வோர் இயக்கத்திலும் உளர். அச்சொல் தேவையே, ஐயமில்லை. ஆனால் கொதிகலன் வெடித்தது என்று நல்ல தமிழில் எழுதிவிட்டு, அது எப்பொழுது ஆய்வு செய்யப்பட்டது என்று கேளாமல் விட்ட செய்தியால் இறந்தவன் வீட்டார்க்கு என்ன பயன்? சொல் தூயதாகி, அறிவு வறியதாக இருப்பின், ஆங்கிலத்தில் எழுதும் செய்தியாளனே மேல் என்று தமிழனே சொல்லும் நிலை வரும். அந்நிலை வந்தால் இதுவரை ஈட்டிய சொற்களும் நிலைக்கா. மொழித்தூய்மையும் செய்தித்தூய்மையும் இணைந்தே நடைபோட வேண்டும்.

நெய்வேலித் தொழிலாளிக்கு இது நன்கு விளங்கும். இங்கே ஒரு டன் கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். மேல்மண்ணை அகற்றியதோடு எவரும் வேலை முடிந்தது என்று வீட்டிற்குப் போவதில்லை. அயற்சொல்லை அகற்றுவது மேல்மண்ணை அகற்றுவது போன்றது. கரி அதற்குக் கீழேதான் இருக்கிறது.

ஆகவே தமிழ்வழி இதழியல், தொடர்பியல் ஆசிரியர்க்கும் இதழாளர்க்கும் பொதுவான ஒரு கழகம் வலிவோடு இயங்க வேண்டும். அதன் பணிகள் இவையாதல் வேண்டும்.

முதலாவது, கலைச்சொல் தொகுப்பு. சட்டம், பொருளியல், மருத்துவம், சுற்றுச்சூழல், கணினி என ஒவ்வொரு துறைக்கும் செய்தியாளன் மேசைமேல் வைத்துப் பார்க்கத்தக்க சொல்லடைவு வேண்டும். 1974-இல் பாவாணரின் தலைமையில் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. அத்தகைய சொல்லாய்வின் பயன் இதழகத்தின் மேசைவரை வந்து சேர வேண்டும்.

இரண்டாவது, பாடநூல். அதன் எடுத்துக்காட்டுகள் தமிழ் மண்ணினவாக இருக்க வேண்டும். நெய்வேலி நிலமெடுப்பும் காவிரி நீரும் மீனவர் சிக்கலும் அதில் பாடங்களாக வேண்டும். 2007-இல் யுனெசுகோ இதழியற் கல்விக்கென ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதனை அப்படியே பெயர்க்காமல், தமிழ் மண்ணுக்கு ஏற்பப் புதுக்கி எழுத வேண்டும்.

மூன்றாவது, தொழிலும் கல்வியும் கை கோத்தல். முப்பதாண்டு செய்தி திரட்டிய மூத்த இதழாளர் வகுப்பறைக்கு வரவேண்டும். மாணவர் இதழகத்திற்கும் களத்திற்கும் செல்ல வேண்டும். நெய்வேலியே அத்தகைய ஒரு பயிற்சிக்களம். ஒரு மாணவன் இங்கு ஒரு திங்கள் தங்கினால், சுரங்கத் தொழிலாளி, நிலம் கொடுத்த உழவன், ஒப்பந்தக்காரர், பொறியாளர், தொழிற்சங்கத்தார் ஆகிய ஐவரிடமும் ஒரே செய்தியை ஐந்து வகையாகக் கேட்கலாம். ஐந்தையும் கேட்டபின் எழுதுவதே செய்தி என்பதை நூறு நூல்களைவிட இவ்வூர் நன்கு கற்பிக்கும்.

நான்காவது, உலகத் தமிழ் இதழாளர் தொடர்பு. ஈழம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நிலங்களின் இதழாளரையும் ஆசிரியரையும் இணைக்க வேண்டும். ஈழத்தில் 2000-இல் மயில்வாகனம் நிமலராசனும் 2005-இல் தராக்கி சிவராமும் செய்தி எழுதியதன் பொருட்டே உயிரிழந்தனர். போர்க்களத்தில் செய்தி திரட்டுவோன் தன்னை எவ்வாறு காத்துக்கொள்வது, சான்றுகளை எவ்வாறு போற்றி வைப்பது என்பதை ஈழத்து இதழாளரைவிட நன்கறிந்த தமிழர் யாவர்? அவர்தம் பட்டறிவு பாடமாக வேண்டும்.

ஐந்தாவது, தற்சார்பு. அரசின் பொருளால் மட்டும் வாழும் கழகம் அரசைப் பற்றிய செய்தியை எழுதக் கற்பிக்கத் தயங்கும். இதழ் முதலாளியின் பொருளால் மட்டும் வாழும் கழகம் முதலாளியைப் பற்றி வாய் திறவாது. உறுப்பினர் தரும் சிறுதொகையே அதற்கு முதுகெலும்பாதல் வேண்டும். கொடை யாரிடமிருந்து வரினும் அதன் கணக்கு ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடப்பெற வேண்டும். பிறர் கணக்கைக் கேட்கக் கற்பிப்போர் தம் கணக்கை முதலில் காட்ட வேண்டுமன்றோ?

பெருமக்களே! இவை பெரும்பணிகள், ஏழைத் தமிழரால் இயலுமா என்று எவரேனும் கேட்கலாம். 1912-இல் கூடிய அமெரிக்க ஆசிரியர்களும் பெருங்கூட்டத்தினர் அல்லர். தனித்தமிழ் இதழ்கள் எத்துணை இடர்ப்பாட்டில் வெளிவந்தன என்பதை இங்கு அமர்ந்திருப்போர் அறிவர். உறுப்பினர் தொகையை ஊர் ஊராகத் திரட்டி, தாளுக்கும் மைக்கும் கடன்பட்டு, திங்கள் தவறினும் இதழ் தவறாமல் காத்த கைகள் இவ்வூரிலும் உள்ளன. அக்கைகளால் இதுவும் இயலும்.

இக்கூட்டத்திலிருந்து வீடு திரும்புவோர் ஒரு சிறு செயலோடு தொடங்கலாம். நாளைக் காலையில் நெய்வேலியைப் பற்றி வரும் செய்தி ஒன்றை எடுத்துப் படியுங்கள். எச்சொல் அயற்சொல் என்று கோடிடுங்கள். அதனோடு நிற்காமல், எந்த வினா கேட்கப்படவில்லை என்றும் அதன் ஓரத்தில் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து இதழாசிரியர்க்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதி விடுங்கள். உங்கள் பிள்ளைகளுள் எழுத்தார்வம் உடையவன் ஒருவன் இருந்தால், பொறியியலும் மருத்துவமும் போலவே இதழியலும் ஒரு கல்வியே என்று அவனிடம் சொல்லுங்கள். தமிழில் கற்றுத் தமிழில் எழுதி அவன் தலைநிமிர்ந்து வாழ வழி உண்டு என்று சொல்லும் துணிவு பெற்றோர்க்கு வரும் நாளே இக்கழகத்தின் பயன் விளைந்த நாளாகும்.

நெய்வேலியின் ஒளி பல மாநிலங்களுக்குச் செல்கிறது. நெய்வேலியின் செய்தி நெய்வேலியான் மொழியில், உண்மை குறையாமல், உலகத் தமிழர் இல்லந்தோறும் செல்வதாகுக!

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் இதழியற் கல்வி!